வெந்தயம் தின்ற புழு

மாரப்பன் நாற்பதடி உயரத்தில், தென்னை ஏறும் மெஷினில் கால் மாட்டியபடியே, மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு செத்துப்போயிருந்தார். காலை ஏழரை மணி இருக்கும். கீழே நின்ற பதினைந்து பேரும் முதலில் அவர் சும்மா நிற்கிறார் என்றுதான் நினைத்தார்கள். ஆனைமலைப் பக்கத்தில் மரமேறி மேலேயே நின்று ஒரு பீடி பிடிப்பதெல்லாம் அதிசயமில்லை. கூப்பிட்டுப் பார்த்தார்கள், திட்டியும் பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தன் அடுத்த மரத்தில் ஏறி எட்டிப் பார்த்துவிட்டு, ஏறியதைவிட வேகமாக இறங்கி, வாய்க்கால் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான்.

கயிறு கட்டி இறக்க ஒரு மணி நேரம் ஆனது. முகம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. கண் இரண்டும் வீங்கி மூடி, உதடு பிளந்து, கழுத்தில் ஒரு விரல் வைக்க இடமில்லாமல் கொட்டுவாய். சட்டையைக் கிழித்த பிறகுதான் அந்தக் கூட்டம் கண்ணில் பட்டது. அக்குளில், முதுகில், இடுப்பு மடிப்பில், வேர்வை ஊறும் இடமாகப் பார்த்து, சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கருங்குளவிகள் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பறந்து போகவில்லை. முட்டை வைத்த இடத்தை விட்டுத் தாய்க்குளவி நகராது. தட்டிவிடப் போனவன் கையில் இரண்டு ஏறிக் கொட்ட, அவன் அலறிக்கொண்டு மண்ணில் உருண்டான்.

"காவலிடா! நம்ம காவலி!" என்று கத்தினான் உருண்டவன்.

கூட்டத்தில் நின்ற கோகிலவாணி இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள். அந்தக் குளவிகளைச் சோறு போட்டு வளர்த்தவளே அவள்தான்.

காவலி என்பது கம்பெனி வைத்த பெயர். வேல்முனை பயோ என்ற அந்தக் கம்பெனியின் முதலாளி வெள்ளியங்கிரி, தோப்புக்காரர்களுக்குக் குலதெய்வத்துக்கு அடுத்தபடி. பத்து வருஷத்துக்கு முன்னால் தென்னை ஓலையைத் தின்னும் கருந்தலைப் புழு, அடித்த மருந்தையெல்லாம் குடித்துக் குடித்து, தோல் தடித்து, விரல் மொத்தத்துக்கு ஊறி நின்றது. பழைய ஒட்டுண்ணிக் குளவி எறும்பு சைஸில் இருக்கும். அதன் கொடுக்கு இந்தத் தோலில் இறங்கவில்லை. அப்போதுதான் வெள்ளியங்கிரி ஆய்வுக்கூடம் வைத்து, குளவியின் மரபணுவைத் திருத்தி, இந்தப் பெரிய சாதியைக் கொண்டுவந்தார். ஒன்று கொட்டினால் அந்த விஷத்தின் வாசனைக்கு மற்ற குளவியெல்லாம் திரண்டு வரும். புழுவை மரத்துப்போக வைத்து, அதன் மேல் முட்டையிட்டு, குஞ்சுகள் அதை உயிரோடு உறிஞ்சி முடிக்கும்வரை தாய் காவல் இருக்கும். தோப்பு தப்பித்தது. மனுஷனை அது ஏறெடுத்தும் பார்த்ததில்லை, இன்றைக்குக் காலை வரைக்கும்.

குளவி வளர்க்கப் புழு வேண்டும், புழு வளர்க்கத் தீவனம் வேண்டும். அந்தத் தீவன அறைதான் கோகிலாவின் ராஜ்ஜியம். உடைத்த கம்பை வறுப்பு அறையில் சூடேற்றி, கடலைப் பொடியும் ஈஸ்ட்டும் கலந்து, கடைசியாகத் தென்னை ஓலைப் பொடி போட்டு, தட்டில் பரப்பி அந்துப்பூச்சி முட்டையைத் தூவுவாள். முப்பது நாளில் புழு, அதற்குமேல் பதினைந்து நாளில் குளவி. ஓலைப் பொடி எதற்கு என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. போடு என்றார்கள், போட்டாள்.

போன மழைக்காலத்தில் தட்டெல்லாம் பூஞ்சணம் பிடித்தது, செள்ளுப்பூச்சி விழுந்தது. பூஞ்சணம் ஓலைப் பொடியிலிருந்துதான் கிளம்புகிறது என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். வீட்டில் பருப்பு டப்பாவில் செள்ளு விழாமல் இருக்க அவள் ஒரு பிடி வெந்தயம் போட்டு வைப்பாள். அதே கை இங்கேயும் வேலை செய்தது. ஓலைப் பொடியை நிறுத்திவிட்டு வெந்தயத்தை அரைத்துப் போட்டாள். செள்ளு போன இடம் தெரியவில்லை. புழு ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று திரண்டது. புழு கொழுத்தால் குளவி அதில் பெண் முட்டையாகப் பார்த்து வைக்கும். கொட்டுவது பெண் குளவிதான். ஆக, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு காவலி.

வெள்ளியங்கிரி நேரிலேயே வந்து அவள் தோளில் தட்டினார். வாயைத் திறந்ததும் பச்சைப் பூண்டு வாசம் ஆளைத் தூக்கியது. தினமும் வெறும் வயிற்றில் மூன்று பல், அறுபத்திரண்டு வயதில் இதயம் குதிரையாக ஓடுகிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவார். அவர் வருகிறார் என்பதை அவருக்கு முன்னாலேயே வாசம் வந்து சொல்லிவிடும் என்று தீவன அறைப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பார்கள்.

"புழு செழிப்பா இருக்குதில்ல? அப்பறமென்ன. நீ என்னத்த வேணும்னாலும் போடு அம்மிணி" என்றார். ஒரு சோதனை பார்த்துவிடலாம் என்று பூச்சியியல் டாக்டர் இளம்பரிதி மெதுவாக ஆரம்பித்ததற்கு, "நீ படிச்சவன், அவ செஞ்சவ. வாயை மூடு" என்று பதில் வந்தது.

அந்தத் தொகுதி நேற்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் தோப்பில் இறங்கியது. கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தொகுதியானாலும் முதல் பெட்டியை வெள்ளியங்கிரிதான் திறக்க வேண்டும். நல்ல நேரம் பார்த்து, சூடம் கொளுத்தி, கையுறையோ முகவலையோ இல்லாமல் வெறுங்கையால். குளவிகள் அவர் விரல் மேல் ஊர்ந்து ஏறிப் பறக்கும். "எம்புள்ளைங்க! அப்பன் மேல கை வெக்குமா?" என்று சிரிப்பார். போட்டோ எடுப்பார்கள். நேற்றும் அப்படித்தான் நடந்தது.

இப்போது மாரப்பனின் மேல் வேட்டியைப் போர்த்தினார்கள். கோகிலா நேராக இளம்பரிதியின் அறைக்குப் போனாள்.

"சார், அங்க பதனஞ்சு பேரு நின்னோம். மாடு நின்னுது, ஆடு நின்னுது. தட்டப் போனவனைத் தவிர ஒண்ணையும் அது மோந்துகூடப் பாக்கல. மாரப்பண்ணனை மட்டும் எதுக்குத் தேடிப் போயிக் கொட்டுச்சு?"

இளம்பரிதியின் முகம் வெளுத்திருந்தது. "அக்கா, ஓலைப் பொடிய சுத்தமாவே நிறுத்திட்டீங்களா? கொஞ்சமாவது போட்டீங்களா?"

"துளிகூடப் போடல."

அவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். "குளவிக் குஞ்சு புழுவுக்கு மேலதான் கூடு கட்டும். கூட்டைக் கடிச்சுட்டு வெளிய தலை நீட்டறப்ப அது மொத மொதல்ல மோக்கறது, அந்தப் புழு என்ன தின்னுச்சோ அந்த வாசனை. அதுக்கப்புறம் ஆயுசு பூரா அதைத்தான் தேடும். ஓலை தின்ன புழுவுல பொறந்தா, ஓலை தின்ன புழுவத் தேடிப் போகும். அதுக்குத்தான் ஓலைப் பொடி."

"வெந்தயம் தின்ன புழுவுல பொறந்தா?"

அவன் மேசை மேல் கிடந்த பதிவேட்டை மூடி வைத்தான்.

"தோப்புல வெந்தயம் திங்கற புழு எங்க இருக்குது சார்?"

"புழு இல்லக்கா. வெந்தயம் சாப்பிட்டா அந்த வாசனை ஒடம்புல தங்கி வேர்வையில அப்படியே வரும். மாரப்பன் சர்க்கரைக்காரர்தானே?"

கோகிலாவுக்குத் தெரியும். ராத்திரி ஊறப்போட்ட வெந்தயத் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவந்து, மரமேறுவதற்கு முன்னால் கடக்கடக்கென்று குடித்துவிட்டு, கசப்புக்கு முகத்தைச் சுளித்து எல்லாரையும் சிரிக்க வைப்பார் மாரப்பன். இன்றைக்கும் குடித்துவிட்டுத்தான் ஏறியிருப்பார்.

அவள் சட்டென்று வாசல் பக்கமாகத் திரும்பினாள்.

"சார், தாய்ப்பால்ல வருமா?"

"வரும். தாய்ப்பால்ல இன்னும் நல்லாவே..." என்று ஆரம்பித்தவன் தலையைத் தூக்கிப் பார்த்தபோது, எதிரே யாரும் இல்லை.

அவள் தங்கை சர்மிளாவுக்குப் பெண் குழந்தை பிறந்து பதினோரு நாள். அப்பா அம்மா போன பிறகு சர்மிளாவைத் தூக்கி வளர்த்தவள் கோகிலா. புருஷன் வீட்டில் ஆள் துணை இல்லை, மாப்பிள்ளை வடக்கே லாரியில் போயிருக்கிறார் என்று, பிள்ளைப்பேற்றுக்குக் கம்பெனி கொடுத்த தன் லைன் வீட்டுக்கே கூட்டி வந்திருந்தாள். அந்த வீடு தீவனக் கொட்டகைக்குப் பின்னாலேயே, தோப்பை ஒட்டி இருந்தது. பால் ஊற வேண்டும், இடுப்பு வலுக்க வேண்டும் என்று பதினோரு நாளும் விடியற்காலையில் எழுந்து நல்லெண்ணெய் விட்டு வெந்தயக் களி கிண்டி ஊட்டியதும் அவள்தான். "நெஞ்சுக்குழி வரைக்கும் கசக்குதுக்கா, போதும் விடு" என்று சர்மிளா கெஞ்சுவாள். "வாயைத் தொற கழுதை. உனக்கா குடுக்கறேன்? எம்புள்ளைக்குக் குடுக்கறேன்" என்று இன்று காலையும் திணித்துவிட்டுத்தான் வந்தாள்.

கொட்டகையைத் தாண்டும்போதே ரீங்காரம் கேட்டது.

வாசல் கதவு திறந்து கிடந்தது. உள்ளே வெளிச்சமே கறுத்துப் போயிருந்தது. சர்மிளா தரையில் குப்புற விழுந்து, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே கிடந்தாள். நைட்டி தெரியவில்லை. அவள் மேல் ஒரு கறுப்புப் போர்வை அசைந்துகொண்டிருந்தது. கட்டிலில் பிள்ளை இல்லை. தூளியில் இல்லை.

"சர்மீ! புள்ள எங்கடீ?"

சர்மிளாவின் ஒரு கை மட்டும் முன்னால் நீண்டிருந்தது. கை போன திசையைக் கோகிலா பார்த்தாள். கை வாஷிங் மெஷினின் கதவைப் பிடித்திருந்தது. வட்டக் கண்ணாடி தெரியாமல் அதன் மேலும் குளவிகள் மொய்த்தன. அவை நகர்ந்து நகர்ந்து ஊர்கிறபோது உண்டான சந்தில், உள்ளே ஒரு சின்னப் பாதம் உதைப்பது தெரிந்தது.

கொட்டக் கொட்ட, சர்மிளா பிள்ளையை வாரி அதற்குள் போட்டுக் கதவைச் சாத்திவிட்டுத்தான் விழுந்திருக்கிறாள். உள்ளே எவ்வளவு காற்று இருக்கும்? எவ்வளவு நேரமாயிற்று? யாருக்குத் தெரியும்!

கோகிலா மேல் ஒரு குளவியும் திரும்பவில்லை. அவளுக்கு வெந்தயம் ஆகாது, வாயில் வைக்கமாட்டாள். ஆனால் காலையில் களி கிண்டிய கை. அந்தக் கையை மட்டும் கண்டுபிடித்து நாலைந்து வந்து உட்கார்ந்தன. முதல் கொடுக்கு இறங்கியதும் தோள் வரைக்கும் தீப்பிடித்தது. அவள் கத்தவில்லை. கத்த நேரமில்லை. அடுப்பு மேலிருந்த களிக் குண்டாவை எடுத்தாள். வெந்தயப் பொடி டப்பாவை அப்படியே அதில் கவிழ்த்தாள். பிளாஸ்க்கில் பிள்ளைக்கென்று வைத்திருந்த வெந்நீரைத் தலைகீழாக ஊற்றிக் கரண்டியால் ஒரு கலக்கு. குப்பென்று ஆவி எழும்பி வீடு முழுக்க வெந்தயம் மணத்தது.

கண்ணாடி மேலிருந்தவை எழும்பின. சுவரில் இருந்தவை எழும்பின. கோகிலா குண்டாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

வீட்டிலிருந்து வறுப்பு அறைக்கு நூறு அடி. கம்பு வறுக்கக் காலையிலேயே சூடேற்றி வைத்த அறை அது, ஆள் நுழையும் உயரம். ஓடும்போது அவள் கைகள் இரண்டும் கைகளாக இல்லை, வீங்கி வீங்கி விரல் பிரிந்து நின்றது. கன்னத்தில் ஒன்று, காதுக்குள் ஒன்று. தீவன அறைப் பெண்கள் பார்த்துவிட்டு அலறிச் சிதறினார்கள். கதவை எட்டி உதைத்துத் திறந்தாள். குண்டாவை உள்ளே எதிர்ச் சுவரில் வீசி அடித்தாள். களி சூட்டுத் தகட்டில் தெறித்துச் சீறியது. அவ்வளவுதான், பின்னாலேயே வந்த மொத்தக் கூட்டமும் அவள் தலைக்கு மேலாக உள்ளே பாய்ந்தது. கதவைத் தோளால் சாத்தி, சூட்டுத் திருகியைக் கடைசி எண் வரை முறுக்கினாள்.

உள்ளே கம்பு பொரிகிற சத்தம் கேட்டது. உள்ளே கம்பு இல்லை.

திரும்பி ஓடி வந்து மெஷின் கதவைத் திறந்தாள். பிள்ளை நீலம் பாய்ந்து, வாய் கோணி, சத்தமில்லாமல் கிடந்தது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, மரத்துப்போன கையால் முதுகில் ஒரு அடி, இன்னொரு அடி. மூன்றாவது அடிக்கு அது வீலென்று அழுதது. கோகிலாவும் அழுதாள். அப்படியே பிள்ளையைத் துணிக்கூடையில் போட்டு, குளவி அண்டாமல் ஈரத்துணி மூடிவிட்டு, தங்கையிடம் வந்தாள்.

சர்மிளா மேல் இருந்தவை வாசனைக்கு மயங்கவில்லை. அவை முட்டை வைத்துவிட்டவை. கோகிலா ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். பிய்த்து நசுக்கினாள், நசுக்கியதைத் தரையில் தேய்த்தாள். சர்மிளாவின் இமை இடுக்கில் கண் அசைந்தது. எல்லாம் தெரிகிறது அவளுக்கு. நாக்கு மட்டும் அசையவில்லை. பிள்ளை அழும் சத்தம் வந்த பக்கமாகக் கருவிழி போனது.

"இருக்குதுடீ. உம்புள்ள இருக்குது. கேக்குதா? அழுவறா பாரு" என்றாள் கோகிலா.

வண்டி பொள்ளாச்சி போய்ச் சேருவதற்குள் விஷம் சர்மிளாவின் மூச்சை நிறுத்திவிட்டது.

அந்த வாரத்தில் இன்னும் நாலு பேர் போனார்கள். மூன்று சர்க்கரைக்காரர்கள், வெயிலுக்குக் குளிர்ச்சி என்று களி தின்ற ஒரு பள்ளிக்கூட வாத்தியார். கம்பெனி அவசர அவசரமாகத் தோப்பு முழுக்க மருந்தடித்து, விட்ட குளவியையெல்லாம் கொன்றது. காட்டுக் குளவிக் கூடு கலைந்து கொட்டிவிட்டது என்று ஒரு அறிக்கை விட்டது. இளம்பரிதி அதில் கையெழுத்துப் போட்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வெள்ளியங்கிரி லைன் வீட்டுக்கு வந்தார். பின்னால் இளம்பரிதி, தரையைப் பார்த்தபடி. கோகிலா புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இடது கையில் மூன்று விரல் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

"வெந்தயம் போட்டது யாரு அம்மிணி?" என்றார் உட்காராமலே.

"நானுங்க."

"யாரு போடச் சொன்னது?"

"நீங்கதானுங்க. என்னத்த வேணும்னாலும் போடுன்னீங்க."

"எழுத்துல இருக்குதா?"

அவள் தலையை ஆட்டினாள், இல்லையென்று.

"வெசயம் வெளிய போச்சுன்னா ஆறு உசுருக்கும் நீதான் பதில் சொல்லோணும். நீ உள்ள போயிட்டா இந்தப் புள்ளைய ஆரு பாக்கறது? அவங்கப்பன் வடக்க லாரி ஓட்டறவன். அநாத விடுதியில கொண்டு போயிப் போட்டுருவாங்க." குனிந்து பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். பூண்டு வாசத்தில் அது முகத்தைத் திருப்பியது. "நான் உன்னையக் காட்டிக் குடுக்க மாட்டேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியோணும். வெந்தயத்துக்குப் பதிலு வேற ஒண்ணைப் போட்டா, அதத் திங்கறவனையும் இதே மாதிரி தேடிப் போகுமா?"

மழை வருமா என்று கேட்கிற குரலில்தான் கேட்டார். கோகிலா இளம்பரிதியைப் பார்த்தாள். அவன் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போகும்ங்க" என்றாள்.

"அப்ப நாளைக்கி வேலைக்கு வந்துரு."

அவள் வேலைக்குப் போன நாலாம் நாள் ஒரு மூட்டை வந்து இறங்கியது. எந்த ஊர் எழுத்தும் அதன்மேல் இல்லை. பிரித்தால், காய்ந்து சுருண்ட ஏதோ ஒரு இலை. புளித்த வாசனை, அதற்கடியில் ஒரு கசப்பு. கோகிலா தன் வாழ்நாளில் மோந்து பார்க்காத வாசனை.

"இது எங்க சார் திம்பாங்க?" என்று இளம்பரிதியைக் கேட்டாள்.

"எங்கேயோ ஒரு மலை நாடு. ஒரே ஒரு சனம்தான் இதச் சாப்பிடுமாம். பக்கத்துச் சனத்துக்கு இது ஆகாதாம்." "வாங்கறவங்க நாப்பத்தஞ்சாம் நாள் நேர்ல வர்றாங்க. அம்பது பெட்டி."

"புள்ள பெத்தவளுக்கும் குடுப்பாங்களா இத?"

"குடுப்பாங்கன்னுதான் நினைக்கறேன் அக்கா."

கோகிலா அந்த இலையில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். எங்கேயோ ஒருத்தி இதைக் கிண்டி, வாயைத் திற கழுதை என்று தங்கைக்கு ஊட்டிக்கொண்டிருப்பாள். நினைத்த மாத்திரத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆத்திரம் என்றால் அப்படியொரு ஆத்திரம்.

மறுநாளிலிருந்து தீவன அறைக்குள் அவளைத் தவிர யாரும் போகக்கூடாது என்று முதலாளியே உத்தரவு போட்டார், ரகசியமாம். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. மூட்டை அன்றைக்கே வறுப்பு அறைக்குள் போய்ச் சாம்பலானது. உள்ளிருந்து பூண்டு வாசம் வருகிறதே என்று ஒருத்தி கேட்டதற்கு, "புள்ளைக்கு வயிறு பொருமுது, சுட்டுக் குடுக்கறேன்" என்றாள். மடங்காத விரலால் பூண்டு உரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நகக்கண்ணெல்லாம் புண்ணாகி எரிய எரிய, பச்சையாகவே நசுக்கி, நிழலில் உலர்த்தி, கம்போடு கலந்தாள். தினமும் கொஞ்சம், முப்பது நாள். புழு கொழுகொழுவென்று திரண்டது.

கூடுகளைச் சரிபார்க்க வேண்டியவன் இளம்பரிதி. நாற்பத்தி நாலாம் நாள் வந்து ஒரு கூட்டை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனான். அப்படியே நின்றான். கோகிலாவை நிமிர்ந்து பார்த்தான். அந்த அறிக்கைக்குப் பிறகு அவன் அவள் கண்ணைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு பதிவேட்டில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

நாற்பத்தைந்தாம் நாள் காலை பத்து மணிக்கு மூன்று பேர் கோட்டுப் போட்டு வந்தார்கள். அதற்குள் நாற்பத்தொன்பது பெட்டிக் குளவியும் வறுப்பு அறையில் பொரிந்து முடிந்திருந்தன. வெளியே அடுக்கியிருந்தவை காலிப் பெட்டிகள். மீதி ஒன்று மட்டும் கண்ணாடிக் கூடத்துக்குள் மேசை மேல் இருந்தது. சோதனைக்கென்று கட்டிய கூடம், ஈ எறும்பு வெளியே வராது. மூலையில் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது. வந்தவர்கள் முன்கூட்டியே தனியாக அனுப்பி வைத்த அந்த இலையைப் பத்து நாளாகத் தின்ற ஆடு. குளவி ஆட்டின் மேல் விழுவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று அவர்கள் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு.

"ஐயா, மொதல் பெட்டி நீங்கதான் தொறக்கோணும்" என்றாள் கோகிலா, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சூடத்தட்டை நீட்டி.

"பின்ன? வழக்கத்த உடலாமா?" வெள்ளியங்கிரி வந்தவர்களைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். முகவலை வேண்டாமா என்று அவர்களில் ஒருத்தர் சைகை காட்டினார். "எம்புள்ளைங்க!" என்று கையை உதறிவிட்டு, முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மடித்துக்கொண்டு உள்ளே போனார். கதவு அவருக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. திறக்கும் பொத்தான் வெளியே, இளம்பரிதி நிற்கிற பக்கம் இருந்தது. அவன் இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

சூடம் எரிந்தது. மூடியைத் திறந்தார். முதல் குளவி எம்பிப் பறந்து ஆட்டின் பக்கம் போனது, அதைத் தாண்டி ஒரு சுற்று சுற்றியது, திரும்பியது. ஆடு அசைபோட்டுக்கொண்டே இருந்தது. குளவி அவர் கைமேல் இறங்கி, மடித்த சட்டையில் ஏறி, கழுத்தில் ஏறி, உதட்டோரம் வந்து நின்று தன் உணர்கொம்பை ஆட்டியது. பெட்டிக்குள் இருந்தவை எல்லாம் ஒன்றாக விளிம்புக்கு வந்தன.

வெள்ளியங்கிரி கண்ணாடி வழியாக எல்லாரையும் பார்த்து, போட்டோவுக்காக வாய் நிறையச் சிரித்தார்.

இந்தப் பக்கம் நின்ற கோகிலாவுக்குப் பூண்டு வாசம் வரவில்லை. பிள்ளையின் முகத்தைத் தன் தோளில் திருப்பிச் சாய்த்துக்கொண்டு, அவள் மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.